பழைய பேசும்படங்களின் ஒலிச்சிதைவும் திருத்தமும்

செல்லரித்த ஏட்டில் எழுத்தை மீட்டலும், பழுதுற்ற படச்சுருளில் சொல்லை மீட்டலும் தம்முள் ஒத்த தொழில்களாகும். முன்னதற்குப் பதிப்பு நெறி நம்மிடை உண்டு. பின்னதற்கும் அஃது இன்றியமையாதது என்பதை இக்கட்டுரையில் நிறுவ முயல்வோம்.

இந்தியாவின் முதற் பேசும்படமான ‘ஆலம் ஆரா’ 1931 மார்ச்சு 14இல் பம்பாயில் வெளிவந்தது. படநிலையம் இருப்புப்பாதைக்கு அணித்தாக இருந்தமையின், வண்டியோட்டம் அடங்கிய நள்ளிரவிலேயே அதன் பெரும்பகுதி பதிவாயிற்று. அவ்வாண்டு மே 11இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்வண்டி ஓடத் தொடங்கிற்று. அக்டோபர் 31இல் தமிழும் தெலுங்கும் விரவிய ‘காளிதாஸ்’ வெளிவந்தது. தாம்பரம் செல்லும் அப்பாதையிலமைந்த கோடம்பாக்கமே பின்னர்த் தமிழ்ப் படத்தொழிலின் நிலைக்களனாயிற்று. பேச்சைப் பதியும் கருவியும், அதற்குப் பகையான நகர இரைச்சலும் ஒருங்கே வளர்ந்தன என்பது இதனாற் புலனாகும். மேற்கூறிய இரு படங்களும் இன்று கிடைத்தில. எஞ்சியுள்ள பிற படங்களின் ஒலியையேனும் பேணல் நம் கடனாகும்.

ஒலிச்சிதைவை மூவகைப்படுத்தலாம். முதலாவது, பதிவின்போதே நேர்வது. ஒலிவாங்கியின்றி மேடையில் பாடிப் பழகியோரின் உச்சக்குரல் கருவியின் எல்லையை மீறுங்கால், ஒலியலையின் முகடு தட்டையாகிக் கரகரப்புத் தோன்றும். இரண்டாவது, படியெடுக்குங்கால் நேர்வது. ஒலித்தடத்தின் நிழலுரு தன் வரம்பு கடந்து பரவுமாயின், சகரம் போன்ற உரசொலிகள் சீறும். மூன்றாவது, காலத்தால் நேர்வது. சுருள் சுருங்குதலும், கீறலும், தூசும் இதன்பாற்படும்.

இவற்றுக்கு மருந்தும் வேறுவேறாம். நொடிக்கு 24 படம் என்னும் அளவைக் கொண்டு ஓட்டவேகத்தின் பிறழ்ச்சியைச் செப்பஞ் செய்யலாம். மின்னோட்டத்தின் முரல்வு 50 அதிர்விலும் அதன் மடங்குகளிலும் நிற்றலின், அவ்விடங்களை மட்டும் குறுக நீக்கலாம். கீறலால் எழும் வெடிப்பொலி நொடியின் மிகச் சிறு கூறே ஆதலால், முன்பின் அமைந்த அலைகளைக் கொண்டு நிரப்பலாம். ஆயின் தட்டையான முகட்டின் வடிவம் சுருளில் பதிவாகவேயில்லை. கணிப்பொறி அவ்விடத்து இடுவது உய்த்துணர்வேயன்றி மீட்பாகாது. ஏட்டில் முற்றும் அழிந்த சீரைப் பதிப்பாசிரியர் தாமே பாடி நிரப்புவதை இஃது ஒக்கும்.

இங்கேதான் தமிழாய்வாளர் விழித்திருத்தல் வேண்டும். இரைச்சலைக் களையும் ஆர்வத்தால் 4,000 அதிர்வுக்கு மேற்பட்டனவற்றையெல்லாம் வெட்டுவோராயின், சகரத்தின் உரசலும் உடன் மறையும். அக்கால நடிகர் அவ்வெழுத்தைக் கடைப்பிளப்பொலியாக ஒலித்தனரா, வடமொழிச் சாயலில் உரசொலியாக ஒலித்தனரா என்று துணிதற்குச் சான்று இல்லாதொழியும். உச்சக்குரலைப் பிழையெனக் கருதித் தணிப்போராயின், நாடக மேடை மரபு ஒன்று அடையாளமின்றி அழியும். தொல்காப்பியர் எழுத்துக்களின் பிறப்பினைத் தனி இயலாக வகுத்தார். ஆயினும் அவர் காலத்துக் குரல் நம் செவிக்கு எட்டுமாறில்லை. 1930களின் தமிழரது குரலோ எட்டுகின்றது. அதனை இழத்தல் எளிதிற் பொறுக்கத்தக்கதன்று.

ஆகலின் மூன்று விதிகளை முன்வைக்கின்றோம்: திருத்தப்பெறாத மூலவொலி என்றும் தனியே காக்கப்பெறுக, ஒவ்வொரு திருத்தமும் இடமும் முறையும் சுட்டிப் பதியப்பெறுக, உய்த்துணர்ந்து நிரப்பிய பகுதி அவ்வாறே குறிக்கப்பெறுக. 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்றோர் பாடவேறுபாட்டுக்கு அளித்த மதிப்பை ஒலிக்கும் அளித்தலே இதன் கருத்தாம்.

தென்சென்னைத் தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும், ரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனமும் அணித்தணித்தாக அமைந்துள்ளன. ஒலியியல் கற்ற தமிழ் மாணவரும் ஒலிப்பதிவு கற்ற மாணவரும் ஒரு மேசையில் அமர்ந்து ஒரு படத்தையேனும் இவ்விதிகளின்படி ஆராய்வாராயின், தமிழ்ப் பேச்சின் வரலாற்றுக்கு உறுதியானதோர் அடிப்படை கிட்டும் என்பது நம் துணிபு.