நகைச்சொல்லும் நீதிமன்றமும்

கவிதையின் மீது நடந்த வழக்கைக் கவிஞர்கள் மறப்பதில்லை. ஆலன் கின்ஸ்பெர்க்கின் ‘ஹவுல்’ நூலை வெளியிட்டதற்காக 1957-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரில் லாரன்ஸ் பெர்லிங்கெட்டி குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார். நீதிபதி கிளேட்டன் ஹார்ன் அவரை விடுவித்தார். அதே நீதிபதியின் முன், அவ்வழக்கில் வாதாடிய வழக்கறிஞருள் ஒருவரான ஆல்பர்ட் பெண்டிச்சின் துணையோடு, ஐந்தாண்டுகளுக்குள் மற்றொருவர் வந்து நின்றார் என்பது அவ்வளவாக நினைவு கூரப்படுவதில்லை. அவர் கவிஞரல்லர், மேடையில் தனியே நின்று நகைச்சுவை உரைப்பவர். பெயர் லென்னி புரூஸ்.

1925-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த புரூஸ், இரவு விடுதிகளில் சில்லறை வேடிக்கைகள் செய்து தொடங்கியவர். மதம், இனவெறி, முறிந்த மணவாழ்க்கை எனப் பிறர் தொடத் தயங்கியவற்றையெல்லாம் பேச்சுவழக்கிலேயே பேசினார். 1961 பிப்ரவரியில், கடும் பனிப்புயலுக்கிடையே நள்ளிரவில், கார்னெகி அரங்கம் அவருக்காக நிரம்பியது. சரியாக எட்டு மாதங்கள் கழித்து, அக்டோபர் 4-ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோவின் ‘ஜாஸ் ஒர்க்‌ஷாப்’ விடுதியில் ஆபாசமாகப் பேசியதாகக் கைது செய்யப்பட்டார். புகழும் பழியும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தன.

அவ்வழக்கில் ஒலிநாடா ஒன்று சாட்சியாயிற்று. புரூஸின் பேச்சு நீதிமன்றத்தில் ஒலிக்கவிடப்பட்டது. பார்வையாளர் இதை நாடகக் கொட்டகையாக எண்ணிவிடலாகாது என்று ஹார்ன் முன்கூட்டியே எச்சரித்தார். சிரிக்க வைப்பதற்கென்றே பிறந்த சொற்களைச் சிரிக்காமல் கேட்க வேண்டியதாயிற்று! 1962 மார்ச்சில் நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்றது.

நியூயார்க்கில் கதை வேறாயிற்று. 1964 ஏப்ரலில் ‘கபே ஓ கோ கோ’ விடுதியில் அவரும் விடுதி உரிமையாளரும் கைதாயினர். நகர உரிமத் துறையின் ஆய்வாளர் ஒருவர் பார்வையாளருள் அமர்ந்து குறித்து வைத்திருந்த துண்டு வரிகளை வழக்கு மன்றத்தில் படித்தார். இவர் நடித்துக் காட்டும் என் நிகழ்ச்சிக்காக நான் சிறை செல்வதா என்பதே புரூஸின் முறையீடு. அது நியாயமான முறையீடேயாகும். தொனியும் இடைவெளியும் நீங்கிய நகைச்சொல், சந்தம் நீங்கிய பாட்டைப் போல வேறொரு பொருளாகிவிடுகிறது.

கின்ஸ்பெர்க் முன்னின்று திரட்டிய எதிர்ப்பறிக்கையில் ஜேம்ஸ் பால்ட்வின், லயனல் டிரில்லிங், பாப் டிலன், எலிசபெத் டெய்லர் முதலியோர் கையொப்பமிட்டனர். பயனில்லை. மூவர் அடங்கிய ஆயம் நவம்பரில் அவரைக் குற்றவாளி என்றது. டிசம்பரில் நான்கு மாதத் தண்டனை விதித்தது. பிணையில் வெளிவந்த புரூஸ் தம் வழக்கறிஞர்களை விலக்கிவிட்டுத் தாமே சட்டநூல்களில் மூழ்கினார். பின்னாளில் மேடையேறியும் வழக்குப் பதிவுகளையே படித்துக் காட்டினார். நகைக்க வந்தோர் சலித்தனர். 1966 ஆகஸ்டு 3-ஆம் நாள், நாற்பதாம் வயதில், போதை மருந்தால் மாண்டார். முறையாக மேல்முறையீடு செய்த விடுதி உரிமையாளரின் தண்டனை பின்னர் நீக்கப்பட்டது. புரூஸின் தண்டனை மட்டும் ஏட்டில் நின்றது.

1962 டிசம்பரில் சிகாகோவில் புரூஸ் கைதானபோது, அடையாளச் சீட்டைக் காட்ட மறுத்ததால் பிடிபட்ட இளைஞர் ஜார்ஜ் கார்லின். தொலைக்காட்சியில் சொல்லக்கூடாத ஏழு சொற்களைப் பற்றிய அவருடைய உரை பின்னர்ப் பெயர் பெற்றது. அதை ஒட்டிய மற்றோர் உரையை 1973 அக்டோபர் 30-ஆம் நாள் பிற்பகலில் நியூயார்க் வானொலி ஒன்று ஒலிபரப்பியது. மகனுடன் காரில் சென்ற ஒரு தந்தை அதைக் கேட்டு முறையிட்டார். அந்த ஒரு முறையீடே உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1978-இல் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் ஒலிபரப்பாளருக்கு எதிராக முடிந்தது. விடுதிக்குள் விரும்பிச் சென்று கேட்பது வேறு, வானொலி வீட்டுக்குள் தானே நுழைவது வேறு என்பது பெரும்பான்மையின் கருத்து. கருவி மாறியபோது சொல்லின் குற்றமும் மாறியது.

2003 டிசம்பரில் நியூயார்க் ஆளுநர் ஜார்ஜ் படாக்கி புரூஸுக்கு மன்னிப்பு வழங்கினார். இறந்தவர் ஒருவருக்கு அம்மாநிலம் மன்னிப்பளித்தது அதுவே முதன்முறை. அதை வேண்டிக் கையொப்பமிட்டோருள் ராபின் வில்லியம்ஸ் போன்ற நகைச்சுவையாளரும் இருந்தனர். புரூஸ் மறைந்து அப்போது முப்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.