கிர்க்கியான் (நிறுவல் கலை)

கிர்க்கியான் என்பது 2006ஆம் ஆண்டு புது தில்லியின் கிர்க்கி விரிவாக்கம் பகுதியில் அமைக்கப்பட்ட ஊடாட்ட நிறுவல் கலைப் படைப்பு ஆகும். மும்பையைச் சேர்ந்த கலைஞர் ஷைனா ஆனந்த், அப்பகுதியில் இயங்கும் கோஜ் கலை அமைப்பின் துணையுடன் இதை உருவாக்கினார். 'கிர்க்கி' என்ற இந்திச் சொல்லுக்குச் சன்னல் என்று பொருள்.

பின்னணி

பார்வையாளரும் படைப்பில் பங்குகொள்வதே ஊடாட்டக் கலை. 1980 நவம்பரில் கிட் கேலோவே, ஷெரி ராபினோவிட்ஸ் என்னும் இரு கலைஞர்கள், நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சல்சிலும் தெருவைப் பார்த்தபடி பெரிய திரைகளை வைத்துச் செயற்கைக்கோள் வழியே இணைத்தனர். முன்னறிவிப்பு எதுவும் இல்லை. வழிப்போக்கர்கள் மற்ற நகரத்தில் நின்றவர்களை ஆளுயர உருவத்தில் கண்டு பேசினர். மூன்றாம் நாள் மாலையில், பிரிந்து வாழ்ந்த உறவினர்கள் சொல்லிவைத்து வந்து சந்தித்தனர். பிரான்சிலுள்ள உறவினரைக் கைபேசியில் பார்த்துப் பேசும் காரைக்கால் குடும்பங்களுக்கு இன்று இது புதிதல்ல. அன்று பெரும் வியப்பு.

அமைப்பு

கிர்க்கியானுக்குச் செயற்கைக்கோள் தேவைப்படவில்லை. கடைகளில் கிடைக்கும் விலை குறைந்த கண்காணிப்புக் கேமரா, ஒலிவாங்கி, தொலைக்காட்சிப் பெட்டி, கேபிள் ஆகியவையே போதுமாக இருந்தன. நான்கு இடங்களில் இவை பொருத்தப்பட்டன. திரை நான்காகப் பிரிந்து, நான்கு இடத்து மக்களையும் ஒரே நேரத்தில் காட்டியது. கேமராவை இயக்க ஆள் இல்லை. கேள்வி கேட்பவரும் இல்லை. பிழைப்புத் தேடிப் பல மாநிலங்களிலிருந்து வந்து அருகருகே குடியிருந்தவர்கள் திரை வழியே தாங்களாகவே பேசிக்கொண்டனர்.

சிறப்பு

வழக்கமான கண்காணிப்பு ஒருவழிப் பாதை. கேமராவில் பதிவாகும் வழிப்போக்கருக்குத் தம்மைப் பார்ப்பவர் யாரென்று தெரியாது. கிர்க்கியானில் பார்க்கப்படுபவரே பார்ப்பவராகவும் இருந்தார். கருவி மாறவில்லை, கேபிள் சென்ற திசை மட்டுமே மாறியது. கண்காணிப்பு என்பது கருவியின் இயல்பு அன்று, அதை வைத்திருப்பவரின் தேர்வு என்பதை இப்படைப்பு எளிதாக விளக்குகிறது.

தொடர்ச்சி

2007இல் ஷைனா ஆனந்த், அசோக் சுகுமாரன் உள்ளிட்டோர் மும்பையில் 'கேம்ப்' என்னும் கலைக்கூடத்தைத் தொடங்கினர். 2008இல் ஷைனா ஆனந்த் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், வெளியார் நுழைய முடியாத கேமராக் கட்டுப்பாட்டு அறைக்குள் பொதுமக்களை வரவழைத்தார். 35ஆவது மாடியில் வைத்த ஒரே கண்காணிப்புக் கேமராவால் மும்பையைப் பதிவுசெய்த 'பாம்பே டில்ட்ஸ் டவுன்' 2022இல் வெளிவந்தது. தெருவுக்குத் தெரு கேமரா நிற்கும் இந்நாளில், கிர்க்கியான் எழுப்பிய கேள்வி அப்படியே நிற்கிறது: அதன் திரை யாரிடம் இருக்கிறது?