வயர்லெஸ் மவுஸ் தாவித் தாவி ஓடுதா? புதுசு வாங்கும் முன் இதை செக் பண்ணுங்க!

வீட்டில் வேலை பார்க்கும்போது மவுஸின் அம்புக்குறி திடீரென தாவுகிறதா, நின்று நின்று நகர்கிறதா? உடனே மவுஸ் போச்சுன்னு முடிவு கட்ட வேண்டாம். காரணம் வேறாக இருக்கலாம்.

கண்ணாடி மேஜையா?

ஆப்டிகல் மவுஸின் அடியில் சின்ன எல்.இ.டி. விளக்கும் குட்டி கேமராவும் இருக்கும். மேஜைப் பரப்பை நொடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் படம் பிடித்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டே மவுஸ் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கணிக்கும். கண்ணாடியில் ஒப்பிட அடையாளமே கிடைக்காது. மவுஸ் பேடு இல்லையா? ஒரு பேப்பர் வைத்தாலே போதும்.

ரிசீவர் எங்கே இருக்கு?

யு.எஸ்.பி. ரிசீவரோடு வரும் மவுஸ்கள் பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. பக்கத்து யு.எஸ்.பி. 3.0 போர்ட்டில் ஹார்டு டிஸ்க் ஓடினால் சிக்னல் பாதிக்கலாம். ரிசீவரை தள்ளியிருக்கும் போர்ட்டுக்கு மாத்திப் பாருங்க. சிபியு-வின் பின்பக்கம் இருந்தால் முன்பக்கம் செருகுங்கள்.

பேட்டரியை மறக்காதீங்க

சென்சார் துளையில் தூசி, முடி இருந்தால் துடைத்துவிட்டு, புது பேட்டரி போட்டுப் பாருங்கள். பல வாரம் பயன்படுத்தாவிட்டால் பேட்டரியைக் கழற்றி வைப்பது நல்லது. அது கசிந்து உள்ளே துருப்பிடித்தால்தான் மவுஸ் நிஜமாகவே பாழாகும்.