சிப்பிங்: பெயருக்குள் ஒரு சந்தை

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதியில் பயணம் செய்பவர்கள் சிப்பிங் கேம்டன், சிப்பிங் நார்ட்டன் போன்ற ஊர்ப் பெயர்களைக் காண்பார்கள். சிப்பிங் என்றால் சந்தை.

பழைய ஆங்கிலத்தில் 'செயாப்' என்பது கொடுக்கல் வாங்கலைக் குறித்தது. அதன் வழியே பிறந்தது சிப்பிங். இன்று மலிவைக் குறிக்கும் 'சீப்' அதன் உடன்பிறப்பு. 'நல்ல பேரம்' என்ற பொருளில் வழங்கிய தொடர் தேய்ந்துதான் 'மலிவு' ஆனது. லண்டனின் சீப்சைடு தெருவும் பழைய கடைவீதியே. கடல் தாண்டினால், டென்மார்க்கின் கோபன்ஹேகன் 'வணிகர் துறைமுகம்'. இவை அனைத்துக்கும் வேர், சிறு வணிகரைச் சுட்டிய 'காவ்போ' என்னும் லத்தீன் சொல் என்பர்.

பெயருக்குப் பொருத்தமாக வாழ்ந்த ஊர் என்றால் சிப்பிங் கேம்டன்தான். ஆட்டு ரோம வணிகம் அதைச் செழிக்க வைத்தது. 1401இல் இறந்த ரோம வணிகர் வில்லியம் கிரெவலின் வீடு முதன்மைத் தெருவில் இன்றும் நிற்கிறது. அவருடைய உருவம் பொறித்த பித்தளைத் தகடு புனித ஜேம்ஸ் தேவாலயத்தில் இருக்கிறது. தேன்நிறக் கல்லாலான சந்தை மண்டபத்தை 1627இல் கட்டித் தந்தவர் பாப்டிஸ்ட் ஹிக்ஸ். வளைவுகளுக்குள் நுழைந்து, மேடுபள்ளமான அதன் கல்தளத்தில் நடந்து பார்ப்பது அவசியம். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் கோழியும் கைமாறிய இடம் அது.