நூலகப் பராமரிப்புச் செலவும் பொறுப்பும்: பரோடா, சென்னை, கேரளம்

முன்னுரை

நூலகம் ஒன்றைக் கட்டும் செலவு ஒருமுறையோடு முடிவது; அதனைப் பேணும் செலவு ஆண்டுதோறும் தொடர்வது. முன்னதற்குக் கொடையாளர் கிடைப்பர். புதிய நூல், பணியாளர் ஊதியம், கட்டடப் பழுது ஆகியவற்றிற்குக் கொடையாளரைக் காண்பது அரிது. இத்தொடர்செலவை யார் ஏற்பது என்னும் வினாவிற்கு 20ஆம் நூற்றாண்டு இந்தியாவில் வெவ்வேறு விடைகள் அளிக்கப்பட்டன. அவற்றுள் பரோடா, சென்னை, கேரளம் ஆகிய மூன்று இடங்களின் விடைகளை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது.

ஆங்கிலேய முன்மாதிரி

இங்கிலாந்தில் 1850ஆம் ஆண்டுச் சட்டம் நூலகத்திற்கென உள்ளூர் வரி விதிக்க நகர மன்றங்களுக்கு இசைவளித்தது. பவுனுக்கு அரைப்பென்னி என்பதே அதன் வரம்பு. அத்தொகையைக் கொண்டு கட்டடத்தைப் பேணலாம். நூல் வாங்க இயலாது. நூல்கள் கொடையாக வந்து சேரும் எனச் சட்டம் இயற்றியோர் கருதினர். 1855இல் வரம்பு ஒரு பென்னியாக உயர்ந்தது. நூல் வாங்கவும் வழி பிறந்தது. பின்னர் நூலகக் கட்டடங்களுக்கு நிதி வழங்கிய ஆண்ட்ரூ கார்னகி, இடத்தையும் ஆண்டுப் பராமரிப்பையும் அந்தந்த ஊரே ஏற்க வேண்டும் என நிபந்தனை விதித்தார். கொடையின் எல்லையைக் கொடையாளரே உணர்ந்திருந்தமைக்கு இது சான்றாகும்.

பரோடாவின் பங்கீட்டு முறை

பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் 1906இல் தம் நாடு முழுவதும் கட்டாயத் தொடக்கக் கல்வியை விரிவுபடுத்தினார். கற்றோர் கற்றதை மறவாதிருக்க நூலகம் வேண்டும் என்னும் நோக்கில், 1910இல் அமெரிக்க நூலகர் வில்லியம் ஆலன்சன் போர்டனை வரவழைத்தார். மன்னரின் சொந்த நூல்தொகுதி மைய நூலகத்திற்கு அடித்தளமாயிற்று. சிற்றூர் நூலகங்களுக்கு ஊர்மக்கள் ஒரு பங்கு திரட்டினால், வட்டாரப் பஞ்சாயத்து ஒரு பங்கும் அரசு ஒரு பங்கும் அளித்தன.

ஊரார் தம் பங்கைச் செலுத்தியமையால் நூலகம் அவர்தம் உடைமையாயிற்று என்பது இம்முறையின் சிறப்பு. முதற்பங்கைத் திரட்ட இயலாத ஊருக்குப் பிற பங்குகளும் கிட்டா என்பது இதன் குறை. அரசுச் செலவில் அனுப்பப்பட்ட நடமாடும் நூற்பெட்டிகள் அக்குறையை ஓரளவே ஈடுசெய்தன.

சென்னையின் நூலக வரி

1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றுப் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்ற சீர்காழி எஸ்.ஆர்.இரங்கநாதன், சட்டத்தின் துணையின்றிப் பொது நூலகம் நிலைபெறாது என வலியுறுத்தினார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1930இல் அவர் மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை வரைந்தளித்தார். கோலாப்பூர் சமத்தானம் 1945இல் நூலகச் சட்டம் இயற்றியிருப்பினும், விடுதலை இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டமே. அப்போது தி.சு.அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தார்.

இச்சட்டம் சொத்துவரியின்மீது ரூபாய்க்கு ஆறு பை, அதாவது அரையணா, மேல்வரி விதித்தது; அவ்வரி பிற்காலத்தில் உயர்த்தப்பட்டது. இதன்வழி நூலகச் செலவு கொடையிலிருந்து விடுபட்டுக் கடமையாயிற்று. வீட்டுரிமையாளர் வரி செலுத்த, சொந்த வீடற்ற மாணவரும் தொழிலாளரும் கட்டணமின்றிப் படித்தனர்.

எனினும், வரியின் அளவு சொத்தின் மதிப்பைச் சார்ந்தது. சென்னை நகர் நீங்கலான பகுதிகளில், திரண்ட வரிக்குக் குறையாத தொகையை அரசு மானியமாக வழங்க வேண்டும் எனச் சட்டம் வகுத்தது. தலைநகரை விலக்கியமை நீதியானதே. ஆயின் ஏனைய மாவட்டங்களிடையே இவ்விதி ஏற்றத்தாழ்வைக் களையவில்லை. எடுத்துக்காட்டாக, ஒரு மாவட்டம் நூறு ரூபாயும் மற்றொன்று இருபது ரூபாயும் திரட்டுவதாகக் கொள்வோம். சமமானியம் சேர்ந்தபின் அவை முறையே இருநூறும் நாற்பதும் பெறும். எண்பதாக இருந்த வேறுபாடு நூற்றறுபதாகும். எழுத்தறிவு குன்றிய, நூலகம் மிகுதியும் தேவைப்படும் வறண்ட பகுதிகளே இதனால் பின்தங்கும். இவ்வகையில் பரோடா முறையின் குறை சென்னைச் சட்டத்திலும் தொடர்ந்தது எனலாம்.

பிற மாநிலங்களும் கேரளமும்

ஆந்திரமும் (1960) மைசூரும் (1965) வரிவழியையே பின்பற்றின. மகாராட்டிரமும் (1967) மேற்கு வங்கமும் (1979) வரி விதிக்காமல் அரசு நிதியைச் சார்ந்தன. இவ்வழியில் ஏழை மாவட்டத்திற்குக் கூடுதலாக ஒதுக்க இயலும். ஆயினும் ஒதுக்கீடு ஆண்டுதோறும் அரசின் விருப்பத்திற்கு உட்பட்டது.

கேரளத்தில் பி.என்.பணிக்கரின் முயற்சியால் 1945இல் 47 நூலகங்கள் அம்பலப்புழையில் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தன. அவை மக்களே நடத்திய நூலகங்கள். 1989ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை அரசுடைமை ஆக்காமல், நூலக வரியோடு மாநிலக் கல்வி ஒதுக்கீட்டில் ஒரு விழுக்காட்டிற்குக் குறையாத தொகையையும் உறுதிசெய்தது. உள்ளூர்ச் சொத்துமதிப்பைச் சாராத ஒரு பங்கு இதனால் சட்டப்படி நிலைபெற்றது.

முடிவுரை

கொடை நூலகத்தைத் தொடங்கும். வரி அதனை நிலைநிறுத்தும். எனினும் உள்ளூர் வரியும் அதற்கு இணையான மானியமும் மட்டும் அமைந்தால், செல்வமுள்ள ஊரே சிறந்த நூலகம் பெறும். ஆகவே, ஊரின் பங்கு வரியாகவும், மாநிலத்தின் பங்கு தேவையை அளவாகக் கொண்டும் அமைவதே பொருத்தமுடையது. திரட்டும் வரிக்கு ஏற்ப மானியம் வழங்குவதை விடுத்து, எழுத்தறிவும் வருவாயும் குன்றிய மாவட்டங்களுக்குக் கூடுதலாக வழங்கும் விதியை நூலகச் சட்டங்களில் சேர்த்தல் வேண்டும்.