சனிக்கிழமை மெத்து... திங்கட்கிழமை கெட்டி!

அலுமினியத்துக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. எடை குறைவு, துருப்பிடிக்காது... எல்லாம் சரி, ஆனால் ஆள் ரொம்ப மெத்து! அலுமினியக் குண்டான் கீழே விழுந்தால் என்ன கதியாகும் என்று உங்களுக்கே தெரியும். அப்படிப்பட்ட உலோகத்தை நம்பி நாம் எப்படி விமானத்தில் ஏறி உட்கார்கிறோம்?

அதற்கு 1906-ல் ஜெர்மனிக்குப் போக வேண்டும். பெர்லினுக்குப் பக்கத்தில், நாய்பாபல்ஸ்பெர்க் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆல்ஃபிரட் வில்ம் என்றொரு உலோகவியல் நிபுணர். ஆயுதத் தொழிற்சாலை அவரிடம் கேட்டது இதுதான்: 'தோட்டா உறையைப் பித்தளைக்குப் பதில் அலுமினியத்தில் செய்ய முடியுமா?'

கொல்லுப் பட்டறையில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, 'சுர்ர்'ரென்று தண்ணீரில் முக்குவார்களே... எஃகு அப்படித்தான் கெட்டிப்படும். அதே வைத்தியத்தை அலுமினியத்துக்கும் செய்து பார்த்தார் வில்ம். சுமார் 4 சதவிகிதம் செம்பு, அரை சதவிகிதம் மக்னீசியம் சேர்த்து, 500 டிகிரிக்கு மேல் காய்ச்சி, தண்ணீரில் முக்கினார். ஒரு சனிக்கிழமை, உதவியாளர் யப்லோன்ஸ்கி அளந்து பார்த்தார். பிரமாதமாக ஒன்றும் இல்லை. 'மிச்சத்தைத் திங்கட்கிழமை பார்க்கலாம்' என்று கூடத்தைப் பூட்டிவிட்டார்கள்.

திங்கட்கிழமை அளந்தால்... அதே துண்டு, கெட்டியாகியிருந்தது! யாரும் தொடவில்லை, சுடவில்லை, தட்டவில்லை.

பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்... சனிக்கிழமை பெட்டியில் வைத்த பணம் திங்கட்கிழமை தானாகக் கூடியிருந்தால், கணக்கில் எங்கோ கோளாறு என்றுதான் நினைப்போம். 'கருவி சரியில்லை' என்று வில்மும் ஒதுக்கியிருக்கலாம். அவர் ஒதுக்கவில்லை. திரும்பத் திரும்ப அளந்தார். முக்கி எடுத்த பிறகு நான்கைந்து நாள் சும்மா வைத்தாலே போதும் என்று கண்டுபிடித்தார். ட்யூரன் ஊர் உலோக ஆலை அதைத் தயாரித்தது. பெயர் 'ட்யூராலுமின்'. முதல் உலகப்போரில் செப்பெலின் வான்கப்பல்களின் எலும்புக்கூடு அதுதான். 1919-ல் யுங்கர்ஸ் எஃப்-13 என்ற பயணிகள் விமானமே முழுக்க அந்த உலோகத்தில் பறந்தது.

சரி, பூட்டிய அறைக்குள் அப்படி என்னதான் நடந்தது?

சர்க்கரைப் பாகை நினைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் நிறைய கரையும்; ஆறினால் பூத்துவிடும். அலுமினியத்தில் செம்பும் அப்படித்தான். சட்டென்று குளிர வைத்தால், பிரிய நேரமில்லாமல் செம்பு அணுக்கள் உள்ளே மாட்டிக்கொள்ளும். பிறகு மெல்ல மெல்ல ஒன்றுசேர்ந்து, அணு கனத்தில் குட்டிக் குட்டித் தகடுகளாகும். உலோகம் வளைவதென்றால், அதன் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். இந்தத் தகடுகள் குறுக்கே நின்று மறிக்கும். அவ்வளவுதான் ரகசியம்!

அணுக்கள் பிரிந்து சேர்வதுதான் காரணம் என்று 1919-ல் அமெரிக்காவில் மெரிக்காவும் சகாக்களும் விளக்கம் சொன்னார்கள். அந்தக் கூட்டங்களுக்கு எக்ஸ்ரே மூலம் சாட்சி கிடைத்தது 1938-ல். பிரான்ஸில் கின்யே, இங்கிலாந்தில் ப்ரெஸ்டன்... இருவரும் தனித்தனியே கண்டார்கள். இதற்குள் வில்ம் ஆராய்ச்சியை விட்டு விவசாயத்துக்குப் போய்விட்டார். 1937-ல் இறந்தும் போனார். ஒரே ஒரு வருடம்!

இன்னொரு வேடிக்கை. 1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தின் இன்ஜின் கூட்டை விஞ்ஞானிகள் சோதித்து, 1994-ல் முடிவை வெளியிட்டார்கள். அலுமினியத்தோடு 8 சதவிகிதம் செம்பு கலந்த வார்ப்பு அது. உள்ளே அதே செம்புக் கூட்டங்கள்! வில்முக்கு மூன்று வருடம் முன்பே, யாருக்கும் தெரியாமல் அந்த வேலை நடந்திருக்கிறது.

இப்போது ஆராய்ச்சிக்கூடங்களில் அயனிகளை வேகமாக மோதவிட்டு, அணுக்களை இடம்பெயரச் செய்து, இந்தத் தகடுகள் உருவாவதை மாற்றிப் பார்க்கிறார்கள். கருவிகள் மாறிவிட்டன. தேடுவது என்னவோ, அந்தப் பூட்டிய அறையில் இரண்டு நாள் நடந்ததைத்தான்.

தோட்டா உறை என்ன ஆயிற்று என்கிறீர்களா? பித்தளை தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. வில்மிடம் கேட்டது தோட்டா... கிடைத்தது விமானம்!