மலேரியா கலப்புத் தொற்று

மலேரியா கலப்புத் தொற்று என்பது ஒரே நோயாளியின் குருதியில் ஒரே காலத்தில் இரண்டோ அதற்கு மேலோ மலேரியா ஒட்டுண்ணி இனங்கள் காணப்படும் நிலையாகும். இந்தியாவில் பிளாசுமோடியம் பால்சிபாரமும் பிளாசுமோடியம் வைவாக்சும் சேர்ந்து வருவதே மிகுதி. கொசுக்கடியால் இரண்டும் புதிதாகத் தொற்றலாம். ஈரலில் உறங்கிக் கிடந்த வைவாக்சு, பால்சிபாரக் காய்ச்சலை ஒட்டி மீண்டும் தலைதூக்கவும் கூடும்.

நோயறிதல்

காய்ச்சலின் போக்கைக் கொண்டு இதனை அறிய இயலாது. சாயமேற்றிய குருதிப்பூச்சை நுண்ணோக்கியில் காண்பதே அடிப்படைச் சோதனை. தடித்த பூச்சு ஒட்டுண்ணி உண்டா என்பதையும், மெல்லிய பூச்சு எந்த இனம் என்பதையும் காட்டும். வைவாக்சு புகுந்த சிவப்பணு பெருத்து, நுண்புள்ளிகளுடன் தோன்றும். பால்சிபாரத்தில் இளம் வளைய வடிவங்களும் பிறை வடிவப் பாலணுக்களுமே பொதுவாகத் தென்படும். முதிர்ந்தவை நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொள்வதே இதற்குக் காரணம். ஓரினம் மிகுந்திருக்கையில் மற்றது எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். ஓரினத்தைக் கண்டவுடன் தேடலை நிறுத்திவிடுவதும் இத்தவறுக்கு ஒரு காரணமாகும்.

விரைவுச் சோதனை அட்டையிலும் கவனம் தேவை. பால்சிபாரக் கோடும் அனைத்தினப் பொதுக்கோடும் சேர்ந்து தோன்றுவது கலப்புத் தொற்றுக்குச் சான்றாகாது. பால்சிபாரம் மட்டும் இருந்தாலும் இரண்டும் தோன்றும். வைவாக்சுக்கெனத் தனிக்கோடு உள்ள அட்டையே பயன்படும். அதிலும், எச்.ஆர்.பி-2 புரதம் நோய் தீர்ந்த பின்னும் சில வாரங்கள் குருதியில் தங்குவதால், பழைய பால்சிபாரத் தொற்று புதியது போலத் தோன்றலாம். பாலிமரேசு தொடர்வினை மிகவும் நுட்பமானது. ஆயினும் உடனடிச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் காலத்தில் உதவுவதில்லை.

சிகிச்சை

பால்சிபாரம் தவறவிடப்பட்டு, வைவாக்சுக்குரிய குளோரோகுயின் மட்டும் தரப்பட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். பல நாடுகளில் பால்சிபாரம் அம்மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது. எனவே கலப்புத் தொற்று பால்சிபார மலேரியாவாகவே கருதப்பட்டு, ஆர்ட்டிமிசினின் சார்ந்த கூட்டுமருந்து மூன்று நாட்களுக்குத் தரப்படுகிறது. கடுமையான நோய்க்கு முதலில் ஆர்ட்டிசுனேட் ஊசி இடப்படும்.

வைவாக்சு தவறவிடப்பட்டால் காய்ச்சல் பின்னர் திரும்பும். 1987இல் வெளியான தாய்லாந்து ஆய்வொன்றில், பால்சிபாரத்துக்குச் சிகிச்சை பெற்றவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குப் பின்னர் வைவாக்சு தோன்றியது. பால்சிபாரத்துக்குத் தரப்படும் ஒருவேளைப் பிரிமாகுயின் ஈரலில் உறங்கும் வடிவங்களை அழிக்காது. ஆகவே இந்தியாவின் 2013ஆம் ஆண்டு மருந்துக் கொள்கை, கலப்புத் தொற்றுக்குக் கூட்டுமருந்துடன், உடல் எடையில் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம் வீதம் 14 நாட்கள் பிரிமாகுயின் தரப் பரிந்துரைத்தது.

ஜி6பிடி நொதிக் குறைபாடு உடையோருக்குப் பிரிமாகுயினால் சிவப்பணுக்கள் சிதையக்கூடும். சிறுநீர் கருமையாவது அதன் எச்சரிக்கை அறிகுறி. கருவுற்ற பெண்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இம்மருந்து தரப்படுவதில்லை. கருவுற்றிருந்தவருக்கு, மகப்பேற்றுக்குப் பின் தாய், சேய் இருவரின் நொதிநிலையையும் அறிந்தே அது தொடங்கப்படும்.